டீசல் ஜீப்பில் முள்ளை எழுப்பிய கதை

என் வீட்டுக்காரருக்கு இஞ்சின் சத்தம் கேட்காது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அந்தக் காலத்தில் இதை வாய்விட்டுச் சொல்லவே எனக்குப் பயம். அவர் பிழைப்பே உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் ஜீப் ஓட்டுவதுதான். காது மந்தமான டிரைவர் என்று தெரிந்தால் எவர் ஏறி உட்காருவார்?

ஒரேயடியாகச் செவிடு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் பாதியைக் காதிலும் மீதியை வாயசைவிலும் பிடித்துவிடுவார். ஹாரன் அடித்தால் கிட்டத்தில் கேட்கும். தூரத்தில் வருவதற்குக் கண்ணாடி இருக்கிறது. வண்டியில் அவர் மாட்டியிருந்த கண்ணாடிகளைப் பார்த்து, சலூன் வைக்கப் போகிறாரா என்று ஊரே கேலி செய்தது. இஞ்சினின் உறுமல் மட்டும் அவரை எட்டவே எட்டாது. ஆரம்பத்தில் கிணறு வெட்டும் கம்ப்ரசரில் வேலை பார்த்தவர் அவர். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பாறையைத் துளைத்து வெடி வைத்தால்தான் கிணற்றில் தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கம்ப்ரசர் இரைச்சலும் வெடிச்சத்தமும் அவர் காதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிட்டன.

அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டது அவருடைய அண்ணன்தான். நல்லது நினைத்துச் செய்த காரியம். அதனாலேயே இவர் அண்ணனிடம் காது விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"தெரிஞ்சா அண்ணனுக்கு மனசு ஒடஞ்சு போயிரும் புள்ள. அதோட வண்டிச் சாவியவும் புடுங்கிரும்" என்பார். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தார் என்று கேட்டால் நான் சாவி என்றுதான் சொல்வேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அந்த மனுஷனுக்கு ராஜா நினைப்பு.

ஜீப்பை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். பழைய வண்டி. முன்னால் வைத்திருந்தவர் மலைப்பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த வண்டிப் பைத்தியம். அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட மீட்டரைப் பொருத்தியிருந்தார். வண்டி எம்புட்டு வேகம் போகிறது என்று காட்டுகிற மீட்டர் இல்லை அது. இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. ஆர்.பி.எம். மீட்டர் என்பார்கள், எங்கள் வீட்டில் முள்ளு மீட்டர். மற்ற டிரைவர்கள் இஞ்சின் முனகுவதையும் கத்துவதையும் கேட்டு கியர் மாற்றுவார்கள். இவர் முள்ளைப் பார்த்து மாற்றுவார். முள் இந்த இடத்துக்கு வந்தால் மேல் கியர், அந்த இடத்துக்கு இறங்கினால் கீழ் கியர். மடியில் மோர்ச் சொம்பை வைத்துக்கொண்டு வந்தவள்கூட ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிப் போவாள். "ஓட்டுனா இவன மாதிரி ஓட்டணும்" என்று எழுமலைக்காரர்கள் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த லைனில் ஓடிய ஜீப்பெல்லாம் ஒன்றொன்றாகப் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி வீசிவிட்டு டீசல் இஞ்சினுக்கு மாறின. மூத்தாரும் முடிவெடுத்துவிட்டார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் முடிவெடுத்தால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. வண்டி மதுரைக்குப் போனது. பழைய இஞ்சின் மூத்தார் வீட்டு மாட்டுக்கொட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சில நாள் கழித்து ஜீப் தடதடவென்று தெரு அதிர வந்து நின்றது. வீட்டில் அடுக்குப் பானையெல்லாம் ஆடின.

எல்லோரும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். முள்ளு மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. இஞ்சினோ போடு போடென்று போட்டுக்கொண்டிருந்தது.

கூட வந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். "அது பெட்ரோல் வண்டிக்குத்தாண்ணே வேலை செய்யும். பெட்ரோல்ல காயில் இருக்கு, பளிச் பளிச்சுனு தீப்பொறி போகும். அத எண்ணித்தான் முள்ளு ஏறும். டீசல்ல ஏது பொறி? அழுத்தத்துலயே எரிஞ்சிரும். இனி அந்த மீட்டரு சும்மா அழகுக்குத்தான்."

"அழகுக்கா? ஏன், பூ வச்சு விடவா?" என்றேன். மூத்தார் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. முள் இல்லாமல் அவருக்குக் கியர் மாற்றத் தெரியவில்லை. பழைய இஞ்சினிலாவது காலடி அதிர்வில் ஏதோ கொஞ்சம் பிடிபடும். இந்த டீசலில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எப்போதும் ஒரே நடுக்கம். அதில் எதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? சில நேரம் இஞ்சின் தொண்டை கிழியக் கத்தினாலும் மாற்றமாட்டார். சில நேரம் கிளம்பின உடனே மாற்றிவிடுவார். வண்டி குதிரை மாதிரி குதிக்கும். சந்தைக்குப் போகிற பெண்கள் கோழிக்கூடையைக் கட்டிக்கொண்டு, "ஆத்தாடி, புது மாப்ள மாமியா வீட்டுக்குப் போறாப்புல ஓட்டுறாரே!" என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா முள்ளு ஏறிருமா? கெளம்புங்க மதுரைக்கு."

மதுரையில் எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். சௌராஷ்டிரக்காரர். ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் வண்டி வயரிங் என்று சின்னக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே உள்ளே மனைவியிடம் அவர்கள் பாஷையில் காபிக்குச் சொல்வார். டீசல் வண்டியில் முள் ஓடவேண்டும் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு தங்கச்சி? கெடக்கட்டும் விடுங்க. டீசல் வண்டில யாரு அதப் பாக்குறா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்காரர் வெளியே வண்டியில் இருந்தார். "அவருக்கு இஞ்சின் சத்தம் கேக்காதுண்ணே. அந்த முள்ளப் பாத்துத்தான் ஓட்டுறாரு. போதுமா? இப்பச் சிரிங்க" என்றேன். அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். காபி ஆறிப்போனது. பிறகு கேட்டார், "பழைய இஞ்சின வித்துட்டீகளா?"

"மாட்டுக்கொட்டத்துல கெடக்கு."

"அதுல இருக்குற காயிலயும் டிஸ்டிரிபியூட்டரயும் கழட்டிக் கொண்டாங்க. பொறிதானே வேணும் முள்ளுக்கு? பொறியக் குடுத்துருவோம்."

டிஸ்டிரிபியூட்டர் என்பது பெட்ரோல் இஞ்சினில் தீப்பொறியைப் பங்கு வைக்கிற குண்டு டப்பா. அதற்குள் ஒரு தண்டு சுற்றும். சுற்றச் சுற்றக் காயிலுக்குப் போகிற கரண்ட் விட்டு விட்டுப் போகும். டீசல் இஞ்சினுக்கு அதனால் காலணாப் பிரயோஜனம் கிடையாது. ஆனாலும் அதை மாட்டி, பெல்ட் போட்டுச் சுற்றவிட்டு, மீட்டரை ஏமாற்றுவது அவர் திட்டம். கேட்டதும் எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

மூத்தாரிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பார். அதனால் கேட்கவில்லை. அவர் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து நாங்கள் இருவரும் மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றினோம். எருமை ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது. வயர்க்கூடையில் அடியில் டப்பாவும் காயிலும், மேலே கத்தரிக்காயுமாக நிரப்பிக்கொண்டு மதுரை பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவள் கூடையை நகர்த்தப் போய், "என்னடி இம்புட்டு கனம் கனக்குது ஒன் கத்தரிக்கா?" என்றாள். நாட்டுக் கத்தரிக்காய் என்றேன்.

டிரிப் முடித்து வீட்டுக்காரர் ஜீப்பைக் கடைக்குக் கொண்டுவந்ததும், எலக்ட்ரீஷியன் இஞ்சினுக்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து, அந்த டப்பாவை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளிக்கொண்டு எழுந்தது. என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் எலக்ட்ரீஷியனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். பாவம், ஒல்லியான மனுஷன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சத்தம் போட்டாள். என்ன சொன்னாள் என்று புரியாவிட்டாலும், கீழே இறக்கிவிடச் சொல்கிறாள் என்று புரிந்தது.

மறுநாள் எழுமலை ரோட்டில் மானம் போனது. வண்டி நிறைய ஆள். மேட்டில் ஏறும்போது முள் சரசரவென்று மேலே போக, இவர் மேல் கியர் போட்டார். இஞ்சின் விக்கி நின்றுபோனது. மறுபடி கிளப்பினார், மறுபடி முள் ஏறியது, மறுபடி போட்டார், மறுபடி நின்றது. கடைசியில் வண்டியிலிருந்த அத்தனை பேரும் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஒருத்தர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினாராம்.

செய்தி மூத்தாருக்கு அன்றைக்கே போய்விட்டது. வாசலில் நின்று பேசினார், உள்ளே வரவில்லை. "தம்பி, என்னமோ ஒனக்குக் கையி போச்சு. ஒரு டிரைவரப் போட்டுருவோம். நீ மாடு கண்ணப் பாத்துக்கிட்டு இரு."

"அண்ணே, அது வந்துண்ணே..."

"தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வருதுல்ல. தாய்மாமன் சீரு நம்ம வண்டிலதான் போகணும். நீயே ஓட்டு. நா பக்கத்துல உக்காந்து பாக்குறேன். பெறகு பேசிக்கிருவோம்."

போய்விட்டார். என் வீட்டுக்காரர் கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நாற்பது வயதுகூட ஆகாத மனுஷனை மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துவைத்து மறுநாள் அவரையும் வண்டியையும் கிளப்பிக்கொண்டு எலக்ட்ரீஷியன் கடையில் போய்க் கொட்டினேன். "என்னண்ணே முள்ளு அது? பொய் சொல்லுது! ஊருக்கு முன்னால தலகுனிய வச்சிருச்சு!"

எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டார். கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடச்சே! தறிக்காரனுக்குப் பொறந்துட்டு இதக் கோட்ட விட்டேனே! எங்க வீட்டுப் பவர் லூம்ல மேல் தண்டு ரெண்டு சுத்து சுத்துனா கீழ் தண்டு ஒரு சுத்துதான் சுத்தும். இந்த டப்பாவும் அப்பிடித்தான் தங்கச்சி. பழைய இஞ்சின்ல இது அர சுத்துதான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நா முழுச் சுத்து சுத்த விட்டுட்டேன். அதான் முள்ளு எல்லாத்தயும் ரெட்டிப்பாக் காட்டுது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறவள் நான். பெரிய சக்கரம் ஒரு சுற்று வந்தால் சின்னச் சக்கரம் எத்தனை சுற்று வரும் என்று என் கால் சொல்லும். "அப்ப டப்பாவுக்கு ரெண்டு மடங்கு பெரிய சக்கரத்தப் போடுங்க" என்றேன். போட்டார். முள் இப்போது யோக்கியமாக நின்றது.

ஆனால் இன்னொரு வம்பு இருந்தது. இவர் மனதில் இருந்த அடையாளமெல்லாம் பழைய பெட்ரோல் இஞ்சினுக்கானவை. அது அதிகமாகச் சுற்றும். டீசல் அம்புட்டுச் சுற்றாது. முள் இப்போது உண்மை சொன்னாலும், எந்த இடத்தில் மாற்றுவது என்பது அவருக்குத் தெரியாது. அதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காதுக்கு எங்கே போவது?

"நா வாரேன்" என்றேன்.

"ஒனக்கு வண்டி ஓட்டவே தெரியாதே புள்ள!"

"ஓட்டத் தெரியாது. கேக்கத் தெரியும். மிஷினு எண்ணெய்க்கு அழுவுதா, நூலுக்கு அழுவுதான்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இது என்ன, கொஞ்சம் பெரிய மிஷினு."

விடிந்தும் விடியாத நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுக்குப் போனோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இஞ்சின் முக்கும், பிறகு சீராகும், பிறகு போதும் போதும் என்று கத்த ஆரம்பிக்கும். கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அவர் தொடையில் ஓர் அடி வைப்பேன். அவர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். மேட்டில் ஏறும்போது திணற ஆரம்பித்தால் இன்னோர் அடி. முதலில் எனக்கும் தடுமாற்றம்தான். வெயில் ஏற ஏறப் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் அடி விழும்போது முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. தொடையைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். "இம்புட்டு நாளு இந்த அடிய எங்க வச்சிருந்த?"

குறித்துக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை. நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மேல் கியர் மாற்றுகிற இடத்தில் மீட்டர்க் கண்ணாடிமேல் ஒட்டினேன். கீழ் கியருக்கு வீட்டுக்கு வந்து ஒரு கறுப்புப் பொட்டு. அவர் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இப்ப எனக்கும் கேக்குற மாதிரி இருக்கு புள்ள" என்றார். நான் இறங்கி அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

காதுகுத்து நாள் வந்தது. ஜீப் நிறையச் சீர்த்தட்டு, பித்தளை அண்டா, மாலை போட்ட கிடா, நாங்கள் பெண்கள் எல்லோரும் பின்னால். மூத்தார் முன்னால், தம்பிக்குப் பக்கத்தில், தோளில் புதுத் துண்டோடு. நான் அண்டாவைக் கட்டிக்கொண்டு எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். வண்டி கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. கிடாகூடத் தள்ளாடவில்லை. ஆள்கள் இறங்கித் தள்ளின அந்த மேடு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இஞ்சின் முனக ஆரம்பிக்கும் முன்னாலேயே கீழ் கியர் விழுந்தது. வண்டி அலுங்காமல் ஏறிவிட்டது. மூத்தார் தொண்டையைக் கனைத்தார்.

பையன் தாய்மாமன் மடியில் ஊரைக் கூட்டி அழுது, காது குத்தி, கறிச்சோறு சாப்பிட்டு முடித்தோம். எல்லோரும் வெற்றிலையை மென்றுகொண்டு திரும்ப ஏறும்போது மூத்தார் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"இதென்னடா பொட்டு? மீட்டருக்குப் பூசை வச்சிருக்கியா?"

என் வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் இருந்தார். மேட்டில் ஏறின மகிழ்ச்சி, கறிச்சோறு மகிழ்ச்சி, எல்லாம் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டது. "அது பொட்டு இல்லண்ணே. அவ காது. அவ கேட்டுக் கேட்டு ஒட்டுனது. எனக்குத்தான் இஞ்சின் சத்தம் கேக்காதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஏறப் போன பெண்கள் அப்படியே நின்றார்கள்.

"எப்ப இருந்துடா?" என்று மூத்தார் கேட்டார்.

"ரொம்ப நாளாண்ணே."

"கம்ப்ரசரா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தார் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்தார். மறுபடியும் துடைத்தார். சாவியைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; சாவியை உருவிக் கையில் எடுத்து நீட்டிவிட்டார்.

மூத்தார் அதை வாங்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்திருந்த பின்பக்கம் வந்தார். எங்கள் குடும்பத்தில் மூத்தார் இருக்கிற வண்டியில் தம்பி பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் இருக்கிற அறைக்குள்ளேயே நான் போகமாட்டேன். நேருக்கு நேர் அவர் என்னிடம் பேசினது அதுவரை ஒரு கை விரலில் அடங்கும்.

"ஏத்தா, எறங்கு" என்றார். "முன்னால போயி உக்காரு."

"ஐயோ, வேணாங்க. நா இங்கிட்டே இருக்கேன்."

"உக்காருங்குறேன்ல. ரோட்டுல எவனாச்சும் தூரத்துல ஹாரன் அடிச்சா தம்பிக்கு யாரு சொல்றது? இன்னைக்கு நீ இரு. நாளையிலருந்து நா உக்காந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, பெண்களுக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஏறித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி, நடந்து, முன்சீட்டில் ஏறினேன். என் வீட்டுக்காரருக்குச் சாவியைத் துளையில் சரியாக நுழைக்க முடியவில்லை. நான் பிடித்து நுழைத்தேன்.

மறுநாள் காலையில் முதல் டிரிப்புக்கு மூத்தார் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வண்டியில் ஏறினார். அந்த ஜீப் ஓடின வரைக்கும் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்.